பன்னிரண்டாம் தேதி காவு வாங்குமா?

பாளையம் சுங்கச்சாவடிப் பக்கம் ஒரு டீக்கடை. சேலத்துக்கு லோடு கொண்டுபோகும் டிரைவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “பன்னெண்டாம் தேதி மட்டும் தொப்பூர் இறங்க மாட்டேண்ணே. அது காவு வாங்குற தேதி.”

கையோடு கணக்கும் சொன்னார். 2020 டிசம்பர் 12: கணவாயில் தறிகெட்டு இறங்கிய சிமென்ட் லாரி பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் மோதியதில் 4 பேர் செத்தார்கள். 2021 நவம்பர் 12: பக்கத்திலேயே முத்தம்பட்டி மலைப்பாதையில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது.

இரண்டும் நடந்தவைதான். தேடினால் அவர் கட்சிக்கு இன்னும் ஆள் சேரும். 1970 நவம்பர் 12 இரவு போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொண்டுபோனது. 1977-இல் அதே தேதியில் நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1996-இல் அரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர். 2001-இல் நியூயார்க்கில் விழுந்த விமானத்தால் 265 பேர்.

படிக்கும்போது எனக்கே கொஞ்சம் உதறல்தான். ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்தால் சங்கதி வேறு.

வங்கக் கடலில் நவம்பர் புயல் மாதம். அந்த மாதத்தின் எந்தத் தேதியைத் தொட்டாலும் ஏதோ ஓர் ஆண்டின் புயல் தட்டுப்படும். நாகைப் புயலுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, 1977 நவம்பர் 19-இல், ஆந்திராவின் திவிசீமாவில் அடித்த புயல் பத்தாயிரம் பேர் அளவுக்கு வாரிக்கொண்டது. பத்தொன்பதாம் தேதியை யாரும் ஒதுக்கி வைக்கவில்லையே?

முத்தம்பட்டியிலும் மழைதான் பின்னணி. வடகிழக்குப் பருவமழை ஊறி ஊறி, பாறையைப் பிடித்திருக்கும் மண் இளகும்; மலையைக் குடைந்து போட்ட தண்டவாளத்துக்கு அதுதான் ஆபத்து. விடியற்காலை 3.50 மணிக்குப் பாறைகள் உருண்டு ஓடும் ரயில் மேல் விழுந்தன. 2,348 பயணிகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. காவு வாங்குகிற தேதி அன்றைக்கு வெறுங்கையோடு போயிருக்கிறது.

விமானங்களின் கதை தனி. சர்க்கி தாத்ரியில் கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. நியூயார்க்கில், முன்னே போன விமானம் கிளப்பிய காற்றுச் சுழலில் விமானி சுக்கானை அளவுக்கு மீறி ஆட்டியதால் வால் துடுப்பே கழன்றது.

“அதெப்படிண்ணே எல்லாம் ஒரே தேதியில வரும்?” என்பார்கள். வரும். 23 பேர் கூடினாலே அதில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். மாதத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பார்த்தால் 7 சம்பவங்களே போதும். டிசம்பர் விபத்தையும் நவம்பர் விபத்தையும் நம்ம டிரைவர் சேர்த்துக் கட்டியது அப்படித்தான். 2024 ஜனவரி 24-இல் தொப்பூரில் மறுபடி 4 பேர் இறந்தது அவர் கணக்கில் இல்லை. தேதி ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்.

பஞ்சாங்கத்தை நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் கரிநாள் 6-உம் 20-உம். ரயில் தடம் புரண்டது ஐப்பசி 26.

தொப்பூரில் பார்க்கவேண்டியது சக்கரத்தை. இறக்கம் முடியும் இடத்தில் ஒருநாள் லாரி ஒன்று ஓரங்கட்டி நின்றது. முன்னால் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. பின் சக்கரத்தில் புகை, கருகின லைனர் நாற்றம். கிளீனர் பையன் குடத்துத் தண்ணீரை ஊற்றினான். சுர்ரென்று ஆவி அடித்தது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்கணும். மிதிக்க மிதிக்க டிரம் பழுக்கும், பிடிமானம் குறையும். சின்ன கியரில் இறக்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

இதையெல்லாம் டீக்கடை டிரைவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்றைக்குத் தேதி பதின்மூன்று. “அப்போ நீங்க எப்படிங்க இறக்குவீங்க, கியர்லயா?” என்றேன்.

டீ டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். “இறக்கத்துல போய் எவன்ணே டீசல் எரிப்பான்?”