எலியின் அச்சத்தை அளப்பது எப்படி?

மருத்துவர் முன் அமர்ந்ததும் சிலருக்கு இரத்த அழுத்தம் கூடிவிடும். வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கும். அளக்கும் செயலே அளவை மாற்றிவிடுகிறது. ஆய்வக விலங்குகள் நலமாக உள்ளனவா என அறிய முயலும் அறிவியலாளர்களுக்கும் இதே சிக்கல்தான். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தைக் கற்பிக்கும்போது இதை மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம்.

அச்சமோ வலியோ ஏற்படும்போது மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி அட்ரினல் புறணியைத் தூண்டுகிறது. உடனே மனிதர், குரங்கு, நாய் ஆகியவற்றில் கார்டிசோல் அதிகமாகச் சுரக்கிறது. எலிகளில் அந்த இடத்தில் இருப்பது கார்டிகோஸ்டீரோன். வாய் பேசாத எலியின் மன அழுத்தத்தை அறிய இந்த ஹார்மோன் ஒரு தடயம்.

இரத்தமா, புழுக்கையா?

இரத்தம் எடுக்க எலியைப் பிடிக்க வேண்டும். பிடித்த சுமார் 3 நிமிடங்களிலேயே இரத்தத்தில் ஹார்மோன் உயரத் தொடங்கிவிடும். அதன்பின் கிடைக்கும் அளவு, எலியின் வழக்கமான நிலையைக் காட்டாது; நம் கை தந்த பயத்தையே காட்டும்.

இதற்கு மாற்றாக, கூண்டில் கிடக்கும் புழுக்கைகளைச் சேகரித்து, அவற்றில் உள்ள ஹார்மோன் சிதைவுப் பொருள்களை அளக்கிறார்கள். எலியைத் தொடவே வேண்டியதில்லை. பல மணி நேரத்திற்கு முன் உடலில் நடந்ததை அது காட்டும்.

எண் மட்டும் போதாது

எலி இரவில் இயங்கும் உயிரி. அதன் ஹார்மோன் மாலையில் உச்சத்தை அடையும், மனிதருக்கோ காலையில். எனவே அளந்த நேரத்தையும் குறித்தாக வேண்டும். ஓடி விளையாடினாலும் இணை சேர்ந்தாலும்கூட இதே ஹார்மோன் உயரும். ஆகவே எடை, உணவு உட்கொள்ளல், கூடு கட்டும் பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பளிப்பது. ஆண்கள் அணிந்த சட்டையை அருகில் வைத்ததுமே சுண்டெலிகளுக்கு மன அழுத்தம் கூடியது. அவை வலியையும் குறைவாகவே வெளிப்படுத்தின. அருகில் நிற்பவர் யார் என்பதே ஆய்வு முடிவை மாற்றக்கூடும் என்றால், விலங்கின் நலன் இரக்கம் சார்ந்தது மட்டுமன்று. ஆய்வின் நம்பகத்தன்மையும் அதில் அடங்கியிருக்கிறது.

1959-இல் ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவரும் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: இயன்றவரை விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணிக்கும் வகையில் முறையைச் செம்மைப்படுத்துதல். புழுக்கையை அளப்பது மூன்றாவது நெறிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

வகுப்பறையில்

மாணவர்கள் அமைதியாக அமர்ந்து, தம் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணட்டும். பிறகு சிறிது நேரம் குதித்துவிட்டு மீண்டும் எண்ணட்டும். அடுத்து, இரண்டாவது எண்ணை மட்டும் கரும்பலகையில் எழுதி, "இவர் பயந்திருந்தாரா, விளையாடினாரா?" என்று கேளுங்கள். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். "அப்படியானால் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?" என்ற கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

வாய்மொழித் தேர்வில் குரல் நடுங்க நிற்கும் குழந்தைக்கு மதிப்பெண் இடும்முன், இதே கேள்வியை நாமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.