தலையிடி எல்லாம் ஒன்றல்ல

சொந்தக் காணியை விட்டு வந்து அளவெட்டிச் செம்மண்ணில் குத்தகைக்குத் தோட்டம் செய்யும் நாம், தலையிடித்தால் ஒரு பனடோலைப் போட்டுவிட்டு வேலைக்கு இறங்குகிறோம். ஆனால் தலையிடி பல வகைப்படும். வகையை அறிந்தால்தான் செய்யவேண்டியதும் விளங்கும்.

1. இறுக்கத் தலையிடி: தலையைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல இரு பக்கமும் இறுகும். கவலையும் நித்திரையின்மையும் இதைக் கூட்டும். ஓய்வெடுப்போம், மனப்பாரத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வோம்.

2. ஒற்றைத் தலையிடி: பெரும்பாலும் ஒரு பக்கம் துடித்துத் துடித்து இடிக்கும். வயிற்றைப் பிரட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். பெண்களுக்கே கூடுதலாக வரும். இது நோய், வேலைக்குக் கள்ளம் என்று ஏசக்கூடாது. இருட்டறையில் படுக்க விடுவோம்.

3. நஞ்சுத் தலையிடி: வெங்காயத்துக்கு மருந்தடித்தபின் தலையிடியோடு வியர்வை, வாயூறல், கண்மங்கல் வந்தால் உடுப்பை மாற்றி, சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபலோடு உடனே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

4. மாத்திரைத் தலையிடி: அடிக்கடி தலையிடிக்கும் ஒருவர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் எடுத்து, அது 3 மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலையிடியை வளர்க்கும். வைத்தியரிடம் காட்டி நிறுத்தவேண்டும்.

திடீரென்று தாங்கமுடியாத இடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் சத்தி ஆகியவை ஆபத்தான அடையாளங்கள். விடியட்டும் என்று காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இம்மாதம் தலையிடித்த நாட்களையும் போட்ட மாத்திரைகளையும் கலண்டரில் குறித்து வைப்போம். வைத்தியருக்கு அதுவே நல்ல வழிகாட்டி.