தாகோனுக்கு மீன் வால் உண்டா?

அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிற ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பெயரில் உள்ளவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட். 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கியவர். அம்மையார் 1877இல் வெளியிட்ட 'ஐசிஸ் அன்வீல்ட்' நூலில், விவிலியத்தில் பெலிஸ்தர் வணங்கும் தாகோன் மீனுருவத் தெய்வமாகவே வருகிறார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அன்று படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

நம்பிக்கை: எபிரேயத்தில் 'தாக்' என்றால் மீன். ஆகவே தாகோன், மேலே மனிதனும் கீழே மீனுமான கடல் சாமி.

உண்மை: அதே மொழியில் 'தாகான்' என்றால் தானியம். பெயரின் மூன்று வேர் மெய்களும் இந்தச் சொல்லோடுதான் பொருந்துகின்றன. மீனில் ஒன்று குறைகிறது. தானியத்திலிருந்து சாமிக்குப் பெயர் வந்ததா, சாமியிடமிருந்து தானியத்துக்கு வந்ததா, மழைமேகத்தைக் குறிக்கும் வேறொரு வேரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மீனை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை.

காரணம், இந்தச் சாமியின் பூர்வீகம் கடற்கரையே அல்ல. யூப்ரடீஸ் நதிக்கரையில், மத்தியதரைக் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருந்த மாரி, துத்துல் நகரங்களில் 'தாகான்' பெருந்தெய்வம். அக்காத் மன்னன் சார்கோன் துத்துலில் அவரை வணங்கியதாகக் கல்வெட்டுச் செய்தி இருக்கிறது. 1929 முதல் தோண்டப்பட்ட உகாரித்தின் களிமண் பலகைகளில் பாகால் என்ற தெய்வத்துக்கே 'தாகானின் மகன்' என்று பெயர். பிப்லோஸ் ஊர் பிலோனோ, தானியத்தையும் ஏரையும் கண்டுபிடித்தவர் என்று தாகோனைச் சொல்கிறார்.

அப்படியானால் வால் எங்கிருந்து வந்தது?

1 சாமுவேல் 5ஆம் அதிகாரத்தில், அஸ்தோத் கோயிலில் தாகோன் சிலையின் தலையும் கைகளும் முறிந்து விழுகின்றன. 'தாகோன் மட்டும் மீதி' என்கிறது எபிரேய மூலம். அது புரியாமல் திணறிய இடைக்கால உரையாசிரியர்கள், மீதி இருந்தது மீன் உருவம் என்று உரை எழுதினார்கள். தாவீது கிம்ஹி, தொப்புளுக்குக் கீழே மீன் என்றார். 1667இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் அதைக் காவியத்தில் ஏற்றினார். பிறகு அகழாய்வாளர் லேயார்ட் நிம்ருதில் கண்ட, மீன் தோல் போர்த்திய அசீரியச் சிற்பத்துக்கும் தாகோன் பெயரே சூட்டப்பட்டது. அது உண்மையில் 'அப்கல்லு' என்ற ஞானியின் உருவம்.

பெலிஸ்தர் கடலோர மக்கள், ஆகவே அவர்கள் சாமி மீனாகத்தான் இருக்கும் என்ற ஊகமும் இதற்குத் துணை. ஆனால் கடலை நம்பியே வாழும் ஊரூர் குப்பத்தில் கோயில் கொண்டிருப்பவள் எல்லையம்மன், மீன் சாமி அல்ல.

ஞாயிறு வகுப்புக்கு, தாகோன் கோயில் வரும் சிம்சோன் கதையைப் படமாக வரைகிறவர்கள், இனி தாகோனுக்கு வால் போடாமல் விடுங்கள்.