குருதிக் கொடையும் வாய்மையும்

முன்னுரை

ஈதலை அறத்தின் உச்சியில் வைத்துப் போற்றியது தமிழ் மரபு. உயிர் காக்கும் செயலை இறையுவப்புக்குரிய நற்செயலாகக் கருதுவது இஸ்லாமிய மரபு. இவ்விரு மரபுகளும் கைகோக்கும் இடம் குருதிக் கொடை. ஆயினும் பொன்னும் பொருளும் ஈவோர்க்கு இல்லாத ஒரு பொறுப்பு குருதி ஈவோர்க்கு உண்டு. தாம் அறியாத நோயொன்று தம் குருதியோடு கலந்து, பெறுபவரைச் சென்றடையலாம். அவ்வாறு பரவக்கூடியவற்றுள் கல்லீரல் அழற்சி நச்சுயிரிகள் முதன்மையானவை.

நச்சுயிரிகளும் அவற்றின் வரலாறும்

கல்லீரல் அழற்சியை உண்டாக்குவன ஏ, பி, சி, டி, ஈ என்னும் ஐவகை நச்சுயிரிகள். இவற்றுள் ஏ, ஈ ஆகியன பெரும்பாலும் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுவன. பி, சி ஆகிய இரண்டும் குருதி வழியே பரவிப் பல்லாண்டுகள் உடலில் தங்கக்கூடியன. இறுதியில் இவை கல்லீரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் விளைவிக்கக்கூடும்.

அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பெர்க் 1965-இல் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்ட புதிய புரதமொன்றை வெளிப்படுத்தினார். அது பி வகை நச்சுயிரியின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த சூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சி வகை நச்சுயிரி 1989-இல் அடையாளம் காணப்பட்டது. அதன் தொடர்பாக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022-இல் பி வகைத் தொற்றுடன் 25 கோடியே 40 இலட்சம் பேரும், சி வகைத் தொற்றுடன் 5 கோடிப் பேரும் வாழ்ந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் தமக்குத் தொற்றிருப்பதை அறியாதவர்.

இடர்க் காரணிகள்

தூய்மை செய்யப்படாத ஊசி, பச்சை குத்துதல், காது குத்துதல், பலருக்கும் பயன்படும் சவரக்கத்தி, போதை ஊசி, பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்கப்படாத குருதியேற்றம் ஆகியன இந்நோய்களின் வாயில்கள். பி வகை, பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். உலர்ந்த குருதித் துளியிலும் அது குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கும். குசராத்து மாநிலம் மொடாசாவில் 2009-இல் ஒருவர்க்கு இட்ட ஊசியையே பிறர்க்கும் இட்டதால் பி வகை பரவிப் பலர் உயிரிழந்தனர்.

நம் சமுதாயப் பெரியோர் கருத வேண்டியன இரண்டு. சுன்னத்துச் செய்யும் கருவிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தூய்மை செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். ஹஜ், உம்ரா நிறைவில் முடி களைவோர் புதிய சவர அலகையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

சோதனையின் எல்லை

குருதியை விலைக்கு விற்போரிடம் தொற்று மிகுந்திருந்தது. வறுமை அவர்களை உண்மையை மறைக்கச் செய்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் 1998 சனவரி முதல் இந்தியாவில் குருதி விற்பனை தடை செய்யப்பட்டது. சி வகைச் சோதனை 2001-இல் கட்டாயமாக்கப்பட்டது.

சோதனை இருக்க அச்சம் எதற்கு என மாணவர் வினவலாம். தொற்று ஏற்பட்டவுடனே சோதனை அதனைக் காட்டிவிடாது. வழக்கமான சோதனைகளில் அது புலப்படச் சில வாரங்கள் ஆகும். நச்சுயிரியின் மரபணுவையே தேடும் நுண்சோதனை அவ்விடைவெளியைக் குறைக்குமேயன்றி முற்றும் போக்காது. கருவி காணாத அந்த இடைவெளியில் பெறுபவரைக் காப்பது, கொடையாளர் படிவத்தில் அளிக்கும் உண்மையான விடை ஒன்றே. அண்மையில் பச்சை குத்தியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்னும் விதி இதன்பொருட்டே எழுந்தது. ஓர் அலகுக் குருதி கூறுகளாகப் பிரிக்கப்பட்டு மூவருக்குச் செல்லக்கூடும். ஆதலின் ஒரு பொய்யும் மூவரைத் தாக்கக்கூடும்.

அமானிதம்

உறவினர் வற்புறுத்தலாலும் நண்பர்முன் நாணத்தாலும் உண்மையை மறைப்போர் உளர். முகாம் நடத்துவோர் இதனை உணர்தல் வேண்டும். எண்ணிக்கைக்காக எவரையும் நெருக்குதல் கூடாது. தனியிடத்தில் வினவ வேண்டும். காரணம் கேளாது விலக வழிவிட வேண்டும். தகுதியின்மை அறிந்து விலகுபவரும் ஓருயிரைக் காத்தவரே.

சோதனையில் தொற்றுடையவர் எனக் கண்டறியப்பட்டவரை ஒதுக்குதல் அறமன்று. உடன் உண்பதாலோ கைகுலுக்குவதாலோ இந்நோய் பரவாது. சி வகையை இன்றைய மாத்திரைகள் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் முற்றும் குணப்படுத்துகின்றன. பி வகையை மருந்தால் கட்டுப்படுத்தலாம். தடுப்பூசியால் வருமுன்னே தடுக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசி இடுவித்தல் பெற்றோர் கடமை. 2018-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் வழியே சோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மஞ்சட்காமாலை என்றதும் கீழாநெல்லியை மட்டும் நம்பி இருந்துவிடாது, எவ்வகைத் தொற்று என்று சோதித்தறிதலே அறிவுடைமை.

முடிவுரை

பிறர்க்குத் தீங்கு விளையாமையை அளவுகோலாகக் கொண்டு வாய்மையை அளந்தவர் வள்ளுவர். நம்பி ஒப்படைக்கப்பட்டதைப் பழுதின்றிச் சேர்ப்பித்தலை அமானிதம் என்கிறோம். பெறுபவர் நம் முகத்தை அறியார். நம் சொல்லைச் சோதிக்கவும் அவரால் இயலாது. அவருடைய நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம். குருதியை ஈவதற்குமுன் வாய்மையை ஈவோம்.