நேர்வழியைவிடச் சுற்றுவழி லாபம்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?

பதில்: உருண்டையான பூமியின்மேல் மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கி.மீ. அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் போய் பசிபிக்கைக் கடக்கும். ஆயிரம் கி.மீ.க்கு மேல் சுற்றுதான். ஆனால் கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் எரிபொருள் மிச்சம். பயணம் 18 மணி நேரத்தைத் தாண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இந்த விமானத்தில் 161 இருக்கைகள்தான். சாதாரண வகுப்பே கிடையாது, பர்ஸ் பத்திரம்! நியூயார்க் நேரம் 12 மணி பின்தங்கியது, குளிர்காலத்தில் 13. ஆகவே நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால், அதே தேதியின் காலையிலேயே இறங்கிவிடலாம்.