முதலில் கை, அப்புறம் கருவி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஐயப்பன்தாங்கல் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வெப்பநிலையை எங்கிருந்து தொடங்கிச் சொல்லித்தருவது என்று கேட்டிருந்தாய். தெர்மாமீட்டர் படத்தைப் பலகையில் வரைந்து மட்டும் தொடங்காதே.

மூன்று குண்டான் எடுத்துக்கொள். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர், மூன்றாவதில் கை பொறுக்கும் வெந்நீர். சூட்டை நீ முழங்கையால் பார்த்த பிறகே பிள்ளைகளை விடு. ஒரு கை ஐஸ் தண்ணீரிலும் மறு கை வெந்நீரிலும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பிறகு இரண்டையும் ஒன்றாக நடுக் குண்டானில் விடச் சொல். ஒரு கை சுடுகிறது என்னும், மறு கை குளிர்கிறது என்னும். ஒரே தண்ணீர்! ஜான் லாக் என்ற ஆங்கிலேய அறிஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கையை நம்புவது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும், நீ தீர்ப்புச் சொல்லாதே. சண்டை முற்றும்போது தெர்மாமீட்டரை எடுத்து நடுக் குண்டானில் வை. கருவி எதற்கு என்று அப்புறம் விளக்க வேண்டியதே இல்லை.

சிவப்புத் திரவம் உள்ளதையே வாங்கு. பாதரசம் வேண்டாம், உடைந்தால் நஞ்சு. காய்ச்சல் பார்ப்பதும் ஆகாது. அதன் அளவு 42 டிகிரியை ஒட்டி முடிந்துவிடும்.

திரவம் ஏன் ஏறுகிறது என்று கேட்பார்கள். சின்னக் கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு கலர்த் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவின் நுனி முங்கும்படி நிறுத்தி, வாயைச் சப்பாத்தி மாவால் அடை. பாட்டிலைக் கைகளால் பொத்தினால் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து தண்ணீரை ஸ்ட்ராவில் ஏற்றும். தெர்மாமீட்டரில் சூட்டுக்குத் திரவமே இப்படி விரிந்து ஏறுகிறது என்று சொல். மாவில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஏறாது, அதைக் கவனமாகப் பார்.

அடுத்து வெளியே கூட்டிப்போ. வெயிலில் ஒரு தடவை, மரநிழலில் ஒரு தடவை. குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் அளவு இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான் என்று சொல். வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை நேர் வெயிலில் வைப்பதில்லை, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரியும் நிழலில் எடுத்த அளவுதான். இதைக் கேட்டால் உன் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.

டிகிரியைப் படிக்கத் திணறும் பிள்ளையை அவசரப்படுத்தாதே, கண்ணு. இந்த வயதுக்கு ஏறியது, இறங்கியது என்று பார்த்துச் சொன்னால் போதும். எண் மூன்றாம் வகுப்பில் வரட்டும்.

அன்புடன்,
பெரியம்மா