முக்கோணப் பிடி: கால் பூட்டும் முன்பே முடிவாகும் ஆட்டம்

புதுதில்லி

அன்புள்ள தம்பிக்கு,

ஜூடோவில் சங்காகு-ஜிமே என்றும், பிற பிடிச்சண்டைப் போட்டிகளில் ட்ரையாங்கிள் என்றும் வழங்கும் முக்கோணப் பிடி, கால்களால் கழுத்தை இறுக்கும் உத்தி. எதிராளியின் கழுத்தும் ஒரு கையும் இரு கால்களுக்கு நடுவே சிக்குகின்றன. ஒரு கால் பிடரியின் குறுக்கே விழ, மற்றக் காலின் முழங்கால் மடிப்பு அதைக் கணுக்காலருகே பூட்டுகிறது. கழுத்தின் ஒரு பக்கத்தைத் தாக்குபவரின் தொடை அழுத்துகிறது. மறுபக்கத்தை அழுத்துவது எதிராளியின் சொந்தத் தோளே. அடைபடுவது மூச்சுக்குழல் அல்ல. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இருபுறத் தமனிகள். சரியாக அமைந்த பிடியில் சில நொடிகளிலேயே நினைவு தப்பும்.

ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய ஜூடோவில், தரைப்பிடிகளைத் தனியே வளர்த்தவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய உயர்கல்விக் கூடங்களுக்கிடையே நடந்த கோசென் போட்டிகள். முக்கோணப் பிடி கூர்மை பெற்ற களம் அதுதான். இந்தியாவுக்கு ஜூடோ வந்ததும் பழைய கதை. 1905-இல் ஜின்னோசுகே சானோவையும் 1929-இல் ஷின்சோ தகாகாகியையும் ஆசிரியர்களாக சாந்திநிகேதனுக்கு வரவழைத்தவர் ரவீந்திரநாத் தாகூர். அந்த ஜூடோவில்தான் தில்லியின் தூலிகா மான் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வென்றார்.

ஆனால் தில்லி முதலில் குஸ்தியின் ஊர். குரு ஹனுமான் அகாடாவின் பெயர் நாடறிந்தது. சத்ரசால் அரங்கில் பயின்ற ரவி தஹியா டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. அதனால் மல்லாந்து கிடப்பவரைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி மேலே அழுத்துவது மல்லரின் உடலில் ஊறிய பழக்கம். முக்கோணப் பிடிக்கு இதைவிடத் தோதான நிலை இல்லை. 1994 டிசம்பரில் நடந்த நான்காம் யூ.எஃப்.சி. கலப்புச் சண்டைத் தொடரின் இறுதிப் போட்டியில், தன்னைவிடப் பெரிதும் எடை கூடிய மல்லர் டான் செவர்னுக்கு அடியில் 15 நிமிடங்களுக்கு மேல் கிடந்த ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி, இந்தப் பிடியால்தான் அவரைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார்.

பிடியின் வலிமை தொடையில் இருப்பதாக எண்ணுவது பரவலான தவறு. வலிமை இருப்பது வரிசையில். முதல் வேலை எதிராளியின் நிமிர்ந்த உடலை முன்னே சாய்ப்பது. இரண்டாவது, இரு கைகளில் ஒன்றை மட்டும் உள்ளே வைத்து, மற்றதைக் காலுக்கு வெளியே தள்ளுவது. மூன்றாவது, இடுப்பைத் திருப்பி எதிராளியின் காதைப் பார்க்கும் கோணத்துக்கு வருவது. நேருக்கு நேர் கிடந்தபடி எவ்வளவு இறுக்கினாலும் பக்கங்களில் இடைவெளி மிஞ்சும். கோணம் மாறியதும் அந்த இடைவெளி மூடிவிடும். கால் பூட்டுவது நான்காவது வேலை. தலையைக் கையால் இழுப்பது கடைசி. பூட்டு கால்விரல்களில் விழுந்தால் பிடி நழுவும், பாதமும் காயப்படும். அது கணுக்காலையொட்டிய முன்காலில் விழ வேண்டும்.

ஜூடோவில் கடிகாரமும் நடுவரும் இந்த வரிசைக்கு நெருக்கடி தருகிறார்கள். ஒரு போட்டி 4 நிமிடம். தரையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நடுவர் 'மத்தே' (நிறுத்து) சொல்லி இருவரையும் எழுப்பிவிடுவார். மல்லாந்து கிடப்பவரை எதிராளி தரையிலிருந்து தூக்கிவிட்டாலும் ஆட்டம் நிறுத்தப்படும். கை சேராமல் கழுத்தை மட்டும் கால்களால் நெரிப்பதற்குத் தண்டனை உண்டு. அதனால் தேர்ந்த ஜூடோ வீரர்கள் பலர் கீழிருந்து காத்திருப்பதில்லை. எறிதலிலிருந்து தப்பிக் கவிழ்ந்து சுருண்ட எதிராளியைத்தான் குறிவைக்கிறார்கள்.

அந்த நுழைவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தாக்குபவர் எதிராளியின் தலைப்பக்கம் மண்டியிட்டு, முதுகின் மேலாகக் கச்சையைப் பற்றுகிறார். ஒரு முழங்கால் கழுத்தோரம் அழுந்துகிறது. சுருண்டவரின் முழங்கைக்கும் தொடைக்கும் நடுவே உள்ள சிறு சந்தில் மற்றக் காலின் குதி நுழைகிறது. அக்குள் வரை கால் போனதும் தாக்குபவர் பக்கவாட்டில் சாய்ந்து உருள்கிறார். எதிராளி மல்லாரும்போது கழுத்தும் ஒரு கையும் ஏற்கெனவே கால்களுக்குள் இருக்கின்றன.

அங்கிருந்து மூன்று வழிகள் திறக்கின்றன. கழுத்தை இறுக்கலாம், சிக்கிய கையை முழங்கையில் பூட்டலாம், அல்லது முதுகு தரையில் பட அப்படியே அமுக்கி வைக்கலாம். அமுக்குதல் 10 நொடி நீடித்தால் வசா-அரி என்னும் அரை வெற்றி, 20 நொடி நீடித்தால் இப்போன் என்னும் முழு வெற்றி. கழுத்தைக் காப்பவர் முதுகைக் கொடுக்கிறார். முதுகைத் திருப்ப முயல்பவர் கையைக் கொடுக்கிறார். ஒரே பிடியில் மூன்று அச்சுறுத்தல்களை வைத்திருப்பதே ஜூடோவில் இதன் உண்மையான வியூகம்.

ஜூடோ அங்கி இல்லாத பிடிச்சண்டையில் கணக்கு மாறும். பற்றிக்கொள்ளக் காலரோ கைமடிப்போ இல்லை. வியர்வையில் உடல் வழுக்கும். ஆனால் தரையில் நேரம் தாராளம். கீழிருந்து பொறுமையாகக் கோணம் தேடலாம். கை முறுக்கிலிருந்து முக்கோணத்துக்கும், அங்கிருந்து முழங்கைப் பூட்டுக்கும் மாறி மாறிப் போகலாம். பிடியில் சிக்கியவர் தூக்கி அறைவதைச் சில போட்டிகள் தடை செய்கின்றன, சில அனுமதிக்கின்றன. அனுமதி உள்ள இடத்தில் எதிராளியின் காலை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, அவர் எழாமல் தடுப்பது கட்டாயம்.

தற்காப்பின் முதல் விதி எளிது: இரு கைகளும் உள்ளே, அல்லது இரண்டும் வெளியே, ஒன்று உள்ளும் ஒன்று வெளியுமாக ஒருபோதும் இருக்கக் கூடாது. அது தவறிவிட்டால் உடனே தலையை நிமிர்த்தி, முதுகை நேராக்கி, சிக்கிய முழங்கையைத் தன் இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். பூட்டு முழுமையான பின் திமிறுவதால் சக்திதான் வீணாகும்.

சிறார் பிரிவுகளில் கழுத்து நெரிப்புக்குத் தடை உண்டு. அனுமதிக்கும் வயது போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் பயிற்சியாளரிடம் கேட்டறிந்த பிறகே இதைப் பழக வேண்டும். பழகும்போது மெல்ல இறுக்குவதும், எதிராளி தட்டிய கணமே விடுவதும் மீறக்கூடாத ஒழுங்கு. தட்டுவதில் அவமானம் ஏதுமில்லை. உரிய நேரத்தில் தட்டுபவரே மறுநாளும் பயிற்சிக்கு வருவார், பிடியின் வரிசையை இரு பக்கமிருந்தும் கற்பார்.

அன்புடன்,
அண்ணன்